மலைமனையின் அமைப்பும் அறனும்

நிலமும் பொழுதும் மக்கள் வாழ்வுக்கு முதற்பொருள் என்பது தமிழிலக்கண நூலார் துணிபு. உணவும் தொழிலும் விழவும் இவ்விரண்டின் வழிப்பட்டே அமையும் என்பதை ஐந்திணை நெறி புலப்படுத்துகின்றது. இவ்வுண்மையை இலக்கியத்துக்குப் புறம்பான ஒரு சான்றில் வைத்து ஆராய விரும்புவார்க்கு மனையமைப்பினும் ஏற்ற பொருள் பிறிதில்லை. உண்ணும் உணவைப் பிறநாட்டிலிருந்து வருவித்தல் கூடும். உடுக்கும் உடையையும் அவ்வாறே பெறலாம். மனையோ தான் நிற்கும் நிலத்தையும் அந்நிலத்தின் பெரும்பொழுதுகளையும் விட்டு நீங்கமாட்டாது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரில் எழுந்துள்ள மரவீடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்திற் குடியேறி வாழ்ந்துவருதலின், அந்நாட்டு மலைமனையின் தோற்றம் இங்குள்ளார்க்கும் புதிதன்று. அகன்ற கூரை, முன்னே நீண்ட இறவாணம், செதுக்கு வேலைப்பாடமைந்த மேன்மாடம், அதன்மீது பூச்சட்டிகள் என்பனவே அதன் இலக்கணமெனப் பலர் கருதுவர். இவை யாவும் வெளித்தோற்றம் மாத்திரமே. சரிவான நிலத்தில் எவ்வாறு நிற்பது, பனியின் சுமையை எவ்வாறு தாங்குவது, ஞாயிற்றின் வெம்மையை எவ்வாறு பெறுவது, மரத்தின் இயல்புக்கு எவ்வாறு இயைவது என்னும் நான்கு வினாக்களுக்கும் பழைய தச்சர் கண்ட விடைகளே காலப்போக்கில் அத்தோற்றத்தை உண்டாக்கின. இக்காலத்தில் மலையில் மனை வகுப்போரும் அவ்வினாக்களுக்கே விடையிறுத்தல் வேண்டும்.

1. பெயரும் பொருளும்

இம்மனையை உலகம் ‘சாலே’ என வழங்கும். இச்சொல் பிரெஞ்சு மொழி வழங்கும் மேற்குச் சுவிற்சர்லாந்துக்குரியது. முற்காலத்தில் அது ஊரின்கண் உள்ள வீட்டைக் குறிக்கவில்லை. கோடையிற் பசுநிரையை மலையின் உயர்ந்த மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்லும் ஆயர் தங்கியிருந்து, பாலைக் காய்ச்சிப் பாற்கட்டி செய்யும் எளிய குடிலையே அது குறித்தது. பனி விழத் தொடங்கியதும் ஆயரும் ஆனிரையும் கீழே இறங்குவர். குடில் அடுத்த கோடைவரை பூட்டிக் கிடக்கும்.

1761ஆம் ஆண்டில் வெளிவந்த உரூசோவின் ‘ஜூலி’ என்னும் புதினம் இச்சொல்லை ஐரோப்பா முழுவதும் பரப்பிற்று. நகர வாழ்விற் சலிப்புற்றோர் மலைக்குடிலைத் தூய வாழ்வின் சின்னமாகப் போற்றலாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உல்லாசப் பிரயாணிகள் பெருகவே, ஊர்களிலுள்ள உழவரின் மரவீடுகளும் அப்பெயரையே பெற்றன. சூரிச் நகர் உயர்தொழினுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஏர்ண்ஸ்ட் கிளாட்பாக் 1868இல் சுவிஸ் மரக்கட்டடப் பாணிகளை அளந்து, வரைபடங்களோடு நூலாக்கினார். 1896இல் ஜெனீவாவில் நிகழ்ந்த தேசியப் பொருட்காட்சியிலும் 1900இல் பாரிசில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியிலும் ‘சுவிஸ் கிராமம்’ ஒன்று காட்சிப்பொருளாக அமைக்கப்பட்டது.

இவற்றின் பயனாக மலைமனையின் புகழ் வளர்ந்தது. அதனோடு ஒரு கேடும் வளர்ந்தது. பனியே பெய்யாத சமவெளிகளிலும் பனி தாங்கும் இறவாணங்கள் எழுந்தன. சுமை தாங்கவேண்டிய மரக்கைகள் செங்கற்சுவர்மேல் ஒட்டப்பட்ட அலங்காரப் பலகைகளாயின. காரணம் மறைந்து உருவம் எஞ்சிய இந்நிலையே, இன்றும் மலைமனை அமைப்போர் முதலில் விலக்கவேண்டிய குற்றமாகும்.

2. நிலமும் பனிச்சரிவும்

மலையிற் கட்டுவோன் முதற்கண் ஆராயவேண்டியது, குறித்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதையே. பழைய ஊர்கள் எங்குப் படவேண்டுமோ அங்கிருந்து இனிய காட்சி தோன்றும் என்பதற்காக அமைந்தவையல்ல. பனிச்சரிவு இறங்கும் தடங்களையும் ஆற்றுப் பெருக்கையும் தவிர்த்து, உழக்கூடிய நல்ல நிலத்தை வீணாக்காது, குளிர்காலத்திலும் வெயில் படும் இடத்திலேயே வீடுகள் நெருங்கி அமைந்தன.

எனினும் மலை சிலபோது மாந்தர் அறிவைக் கடந்துவிடும். 1951 சனவரியில் சுவிற்சர்லாந்தின் வால்ஸ் என்னும் ஊரிற் பனிச்சரிவால் 19 பேர் மாண்டனர். அக்குளிர்காலத்தில் அந்நாடு முழுவதும் பனிச்சரிவுக்கு இரையானோர் 98 பேர். 1999 பெப்ரவரி 23ஆம் நாள் ஒஸ்திரியாவின் கல்ற்றூர் என்னும் ஊரில் 31 பேர் உயிரிழந்தனர். அங்கே பனி, இடர் அற்றதெனக் கருதப்பட்ட பகுதியினுள்ளும் புகுந்தது. அதன்பின் ஒஸ்திரியா தன் இடர்வலய விதிகளைக் கடுமையாக்கிற்று.

இன்று சுவிற்சர்லாந்தின் மலையூர்களில் இடர்வரைபடங்கள் உள. முந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பனிச்சரிவு ஒரு சதுர மீற்றருக்கு 30 கிலோநியூற்றனுக்கு மேற்பட்ட அமுக்கத்தை, அஃதாவது ஏறத்தாழ 3 தொன் நிறையை, உண்டாக்கக்கூடிய இடம் சிவப்பு வலயமாகும். அங்கே புதுவீடு எழலாகாது. அதனினும் குறைந்த அமுக்கமுடைய நீல வலயத்தில், மலையை நோக்கிய சுவரை வலுப்படுத்தி, அப்பக்கத்து யன்னல்களைக் குறைத்தல் முதலிய கட்டுப்பாடுகளோடு கட்டலாம்.

இக்கட்டுப்பாடுகளின் கருத்து பழையதே. தாவோசை அடுத்த பிறவுன்கிர்க் என்னும் சிற்றூரின் தேவாலயம் 1602ஆம் ஆண்டுப் பனிச்சரிவுக்குப்பின் திருத்தப்பட்டபோது, மலையை நோக்கிய அதன் பின்புறம் ஆப்புப்போலக் கூராகக் கட்டப்பட்டது. இறங்கிவரும் பனி அக்கூரில் மோதி இருபுறமும் பிளந்து செல்லும். வேறு சில இடங்களில் வீட்டின் பின்புறத்தே மண்ணையும் கல்லையும் கூரைமட்டத்துக்கு உயர்த்தி, பனி வீட்டின்மேலாக வழுக்கிச் செல்லுமாறு செய்தனர்.

இடம் தேர்ந்தபின் சரிவுக்கு இயைய வீட்டை அமைத்தல் அடுத்த பணி. மலையை ஆழ வெட்டிச் சமதளம் ஆக்குவது எளிதாகத் தோன்றும். வெட்டிய இடத்தின் பின்னே மண்ணின் தள்ளுகையும் ஊற்றுநீரும் ஓயாது தொல்லை தரும். ஆதலின் பழையோர் வீட்டின் கீழ்ப்பகுதியைக் கல்லாற் படியாகக் கட்டி, அதன்மேல் மரமாளிகையை ஏற்றினர். நிலத்தோடு பொருந்தும் பகுதி ஈரத்துக்கு அஞ்சாத கல். மக்கள் வாழும் பகுதி குளிருக்கு அஞ்சாத மரம். இன்று கல்லின் இடத்தைக் கொங்கிறீற்று பெற்றுள்ளது, முறை மாறவில்லை. அத்திவாரம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே செல்லவேண்டும். இன்றேல் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்து, வீட்டை மேலே தூக்கிவிடும்.

3. பனிச்சுமையும் கூரையும்

புதிதாக விழும் பனி மிக இலேசானது. ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறுக்கும். நாட்செல்ல அது படிந்து இறுகி 200 முதல் 300 கிலோகிராம்வரை கனக்கும்; உருகத் தொடங்கிய ஈரப்பனி அதற்கும் மேற்படும். சுவிஸ் பொறியியலாளர், கட்டடக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, நிலமட்டத்துப் பனிச்சுமை இடத்தின் உயரத்தோடு விரைந்து கூடுவதாகக் கணிக்கப்படும். 500 மீற்றர் உயரத்தில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1.2 கிலோநியூற்றனாக உள்ள சுமை, 1500 மீற்றரில் 7.7 கிலோநியூற்றனாகிவிடும். உயரம் மும்மடங்காகச் சுமை அறுமடங்குக்கு மேலாகின்றது. சாய்வு குறைந்த கூரையில் இதில் ஐந்தில் நான்கு பங்கு தங்குமெனக் கொள்வர். ஆகவே அவ்வுயரத்தில் 120 சதுர மீற்றர் பரப்பை மூடும் கூரை ஏறத்தாழ 75 தொன் பனியைத் தாங்குதல் வேண்டும். முகட்டுவளையும் கைமரமும் பருத்திருப்பதன் காரணம் இதுவே.

பனி மிகுந்த நாட்டிற் கூரை செங்குத்தாக இருந்தாலன்றோ பனி வழுக்கி விழும் என ஐயுறலாம். அல்ப்ஸ் மலையின் பல பகுதிகளில் வழக்கம் இதற்கு மாறானது. பிளந்த மரச்சீவல்களை ஆணியின்றிப் பரப்பி, அவற்றின்மேற் கற்களை ஏற்றி அமைத்த கூரை சாய்வு குறைந்ததாகவே இருத்தல் வேண்டும். அன்றேற் கல்லும் சீவலும் வழுக்கிவிடும். மேலும், காற்றை அடக்கிய பனி குளிர்காக்கும் போர்வையுமாகும். அதனைக் கூரைமீது தங்கவிடுதல் வீட்டுக்கு நன்மை. திடீரெனச் சரிந்து விழும் பனி கீழே செல்வோர்க்கு இடர் விளைக்கும் என்பதும் கருதத்தக்கது.

பனியைத் தங்கவிடுவார் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். வீட்டின் வெம்மை கூரையூடே கசிந்தால், அடியிலுள்ள பனி உருகி நீராய் வடியும். சுவருக்கு அப்பால் நீண்ட இறவாணம் குளிர்ந்திருப்பதால், நீர் அங்கே மீண்டும் உறைந்து பனிக்கட்டி அணையாகும். அதன்பின் தேங்கும் நீர் ஓட்டின் அடியாற் புகுந்து உள்ளே ஒழுகும். இக்காலத்தார் இதற்குக் கண்ட பரிகாரம், கூரையை இரண்டு அடுக்காக அமைப்பது. கீழடுக்கில் தடித்த வெப்பக்காவலி இருக்கும். இரண்டுக்கும் நடுவே இறவாணத்திலிருந்து முகடுவரை வெளிக்காற்று ஓடும். அதனால் மேலடுக்கு குளிர்ந்தே இருக்கும். பனியும் உருகாது கிடக்கும்.

4. ஞாயிறும் வெம்மையும்

வடக்கு அகலக்கோடு 46½ பாகையை அண்டிய அல்ப்ஸ் பகுதியில், மார்கழிக் கடைக்கூற்றின் நண்பகலில் ஞாயிறு அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 20 பாகையே உயரும். ஆனிமாதத்து நண்பகலில் 67 பாகை உயரும். தென்முக யன்னலின் மேல் 1 மீற்றர் நீண்ட இறவாணம், கோடை நண்பகலில் 2 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு நிழல் செய்யும். குளிர்கால நண்பகலில் அதன் நிழல் 40 சதமமீற்றரையும் எட்டாது. வேண்டாத காலத்து வெயிலைத் தடுத்து, வேண்டிய காலத்து வெயிலை உள்ளே விடுதற்குப் பொறியொன்றும் தேவையில்லை. இறவாணத்தின் அளவு சரியாக இருத்தலே போதும். அதுவே மழைநீர் மரச்சுவரை நனைக்காமலுங் காக்கும்.

பழைய வீட்டின் நடுவே அடுப்பு இருந்தது. அடுக்களைப் பக்கத்தில் விறகிடுவர். சுவருக்கு அப்பாலுள்ள கூடத்திற் கல்லடுப்பின் உடல் புகையின்றி வெம்மை பரப்பும். வலே மாநிலத்தில் மாக்கல்லால் இவ்வடுப்பைச் செய்து, செய்த ஆண்டையும் குடும்பப் பெயரையும் அதிற் பொறிப்பர். வீட்டில் நன்றாகச் சூடேறும் அறை அந்த ஒன்றே. குடும்பத்தார் குளிர்காலத்தில் அங்கேயே உண்டு, நூற்று, பேசிப் பொழுது கழித்தனர்.

இக்காலத்தார் எல்லா அறைகளிலும் வெம்மையை விரும்புவர். ஆதலின் சுவரின் தன்மையும் மாறவேண்டியதாயிற்று. 12 சதமமீற்றர் தடிப்புள்ள பழைய மரச்சுவரின் ஒரு சதுர மீற்றர், உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.9 உவாற்று வெப்பத்தை வெளியே விடும். உள்ளே 20 பாகை, வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை எனக் கொண்டால், 100 சதுர மீற்றர் சுவரால் 2700 உவாற்று ஓயாது கழியும். அச்சுவரோடு 20 சதமமீற்றர் மரநார்க் காவலியைச் சேர்த்தால் இழப்பு 500 உவாற்றளவாகக் குறையும்.

ஆயினும் காவலி சேர்க்குமிடத்து நீராவியை மறத்தலாகாது. சமையலாலும் மூச்சினாலும் ஈரமான உட்காற்று சுவரினுள்ளே புகுந்து குளிர்ந்த இடத்தை எட்டினால் நீராக மாறும். நாளடைவில் மரம் உளுத்துப்போம். அதனால் வெம்மையான உட்புறத்திலேயே காற்றுப்புகாத படலம் ஒன்றை இடையறாது பொருத்துவர். கண்ணுக்குப் புலனாகாத இப்படலத்தில் ஒரு சிறு துளை இருப்பினும், அழகிய வீடு சில குளிர்காலங்களிற் கெட்டுவிடும்.

5. மரத்தின் இயல்பு

சுவிஸ் நாட்டின் சுவீஸ் நகரில் ‘பெத்லெகேம்’ எனப்படும் மரவீடு ஒன்று நிற்கின்றது. அது 1287இல் எழுந்தது. ஏழு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மரவீடு நிலைத்தல் கூடுமென்றால், அதனை அமைத்தோர் மரத்தின் இயல்பை நன்குணர்ந்திருந்தனர் என்பது பெறப்படும்.

பழைய முறையாவது, சதுக்கித்த மரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளிற் பள்ளம் வெட்டி ஒன்றையொன்று கவ்வுமாறு பொருத்துவது. கிறவுபுண்டன் மாநிலத்துத் தச்சர் இதனைப் ‘பின்னுதல்’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். சுவருக்கு ஸ்புறூஸ் மரமும், மழை படும் இடங்களுக்கு லார்ச் மரமும், கூடத்தின் உட்பலகைக்கு நறுமணமுள்ள மலைப்பைன் மரமும் பயன்பட்டன.

மரம் உலருந்தோறும் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டிற் சுருக்கம் மிகச் சிறிது; குறுக்குவாட்டிலோ பெரிது. கிடைமரங்களை அடுக்கிய சுவரின் உயரம் முழுவதும் மரத்தின் குறுக்குவாட்டாதலின், ஒரு மீற்றர் உயரத்துக்கு 1 முதல் 3 சதமமீற்றர்வரை சுவர் தாழும். 5 மீற்றர் உயர்ந்த வீடு சில ஆண்டுகளில் 10 சதமமீற்றர் தாழ்தலும் உண்டு. கதவுநிலையின் நிற்கும் மரமும் கல்லாலான புகைபோக்கியும் அவ்வாறு தாழமாட்டா. ஆதலின் ஒவ்வொரு கதவு, யன்னல் மேலும் சுவர் இறங்குதற்கு இடைவெளி விட்டு, அதனைப் பலகையால் மறைப்பர். புகைபோக்கியைக் கூரையோடு இறுக்காது தனித்து நிற்கவிடுவர். படிக்கட்டின் ஒருமுனையை நெகிழ விடுவர். இவற்றை மறந்த வீட்டில் யன்னற் கண்ணாடி வெடிக்கும்; கதவு இறுகும்; சுவர் தூங்கி நின்று காற்றுக்கு வழிவிடும்.

1990களில் ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் மரத்தொழிலாளரும் வளர்த்தெடுத்த குறுக்கடுக்கு மரப்பலகை இத்தொல்லையைப் பெரிதும் நீக்கிற்று. உலர்ந்த பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டுவதால், ஓர் அடுக்கின் சுருக்கத்தை அடுத்த அடுக்கின் நார் தடுக்கும். சுவர் முழுவதும் ஒரே பலகையாகத் தொழிற்சாலையில் அறுக்கப்படும்.

6. கட்டும் முறை

மலைமனை கட்டுவோர்க்குக் காலம் குறுகியது. 1500 மீற்றர் உயரத்திற் சித்திரையிலும் பனி கிடக்கும். ஐப்பசியில் மீண்டும் விழத் தொடங்கும். உறையுங் குளிரிற் கொங்கிறீற்று இறுகி வலுப்பெறமாட்டாது. எனவே ஒரு கோடையினுள் மண்ணகழ்ந்து, அத்திவாரமிட்டு, மரமாளிகையேற்றிக் கூரை மூடுதல் வேண்டும். இதற்கான திட்டமும் உத்தரவும் முந்திய குளிர்காலத்திலேயே முடிந்திருத்தல் நன்று.

சுவிற்சர்லாந்தில் உத்தரவு கோரும்போது ஒரு நல்வழக்கம் கைக்கொள்ளப்படுகின்றது. எழவிருக்கும் வீட்டின் மூலைகளிலே அதன் உயரத்துக்குக் கழிகளை நட்டு, கூரையின் சாய்வையும் காட்டிவைத்தல் வேண்டும். அயலவர் அதனைக் கண்டு, தமக்கு வரும் வெயிலும் காட்சியும் கெடுமோ என ஆராய்ந்து, மறுப்பிருப்பின் எழுத்தில் தெரிவிக்கலாம். தாளில் வரைந்த படத்தை விளங்காதாரும் வெளியில் நிற்கும் கழியை விளங்குவர். வீடு தனியொருவர் உடைமையாயினும் அதன் தோற்றம் ஊருக்குரியது என்பதை இவ்வழக்கம் உணர்த்துகின்றது.

அத்திவாரம் எழும் வேளையிலேயே மரப்பகுதிகள் பள்ளத்தாக்கிலுள்ள தச்சுப்பட்டறையில் உருவாகும். ஒடுங்கி வளைந்த மலைப்பாதையில் எவ்வளவு நீளமான பாகத்தைக் கொண்டேற்றலாம் என்பதே பலமுறை பாகங்களின் அளவை வரையறுக்கும். பட்டறையில் முன்னரே ஆயத்தமாதலின், மரமாளிகை சில நாட்களிலே எழுந்துவிடும்.

7. நவீனர் கண்ட விடைகள்

1920களின் பிற்பகுதியில் அன்றி ஜாக் லெ மேம் என்னும் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர், மெஜேவ் என்னும் மலையூரிற் பனிச்சறுக்கு விளையாட்டை விரும்பிவரும் செல்வர்க்கு வீடுகளை வகுத்தார். பண்ணைவீட்டின் அகன்ற கூரையையும், கீழே கட்டுச்சுவர், மேலே மரம் என்னும் பிரிவையும் பேணிக்கொண்டு, உள்ளே புதுவாழ்வுக்குரிய அறைகளையும் தெற்கே பெரிய யன்னல்களையும் அமைத்தார். உழவன் வீட்டிலிருந்து ஓய்வுவீடு பிறந்த வகை இதனால் விளங்கும்.

அடோல்ப் லோஸ் என்பார் அலங்காரத்தை வெறுத்த ஒஸ்திரியக் கட்டடக்கலைஞர். மலையிற் கட்டுவோர்க்கென 1913இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில், காட்சிக்கு இனிதாகக் கட்ட முயலாமை, முன்னோர் முறையை உண்மையான திருத்தம் உள்ளவிடத்து மட்டும் மாற்றுதல் என்பவற்றை வற்புறுத்தினார். 1930இல் பயர்பாக் என்னும் ஊரை அடுத்த மலைச்சரிவிற் கூனர் குடும்பத்துக்காக அவர் முடித்த வீட்டில் இக்கருத்து உருப்பெற்றது. கல்லடித்தளத்தின்மேற் கிடைமரச் சுவர் அமைந்தது. கூரைக்கோ கற்களேற்றிய மரச்சீவல் இடம்பெறவில்லை. சாய்வு குறைந்த நாகத்தகடு வேயப்பட்டது. நடுவில் இரண்டு மாடி உயர்ந்த கூடமும், அதனைச் சூழ்ந்த மேன்மாடமும், மலைகளை நோக்கிய பெரிய யன்னலும் உள. சுவரிற் பழமையையும் கூரையிற் புதுமையையும் அவர் கொண்டமைக்குக் காரணம் ஒன்றே: எது நன்கு பயன்படுமோ அதனைக் கொள்ளுதல்.

சுவிஸ் கட்டடக்கலைஞர் பீற்றர் சும்தோர் 1990க்கும் 1994க்கும் இடையில் வேர்சாம் என்னுமிடத்தில் 1708ஆம் ஆண்டுப் பண்ணைவீடு ஒன்றைப் புதுக்கினார். பழைய முற்பகுதியை அவ்வாறே பேணி, பின்புறத்தில் அடுக்களையும் குளியலறையும் படுக்கையறைகளும் கொண்ட புதுப்பகுதியைச் சேர்த்து, இரண்டையும் ஒரே கூரையின்கீழ் ஆக்கினார். பழையதைப் போலி செய்து புதியதை மறைக்கவுமில்லை. புதியதைக் காட்டப் பழையதை இழிவுபடுத்தவுமில்லை. பின்னர் 2009இல் வால்சுக்கு மேலேயுள்ள லைஸ் என்னும் சிற்றூரில் முழுமரத்தாலான வீடுகளை எழுப்பினார். கிடைமரச் சுவரிற் பெரிய யன்னல் வெட்டினாற் சுவர் வலிவிழக்கும் என்பது பழைய இடர்ப்பாடு. சிறிய அறைகளை மூடிய பேழைகள்போல் அமைத்து, வீட்டின் வலுவை அவற்றில் நிறுத்தி, அவற்றுக்கிடையே அகன்ற யன்னல்களைத் திறந்து அவர் அவ்விடர்ப்பாட்டைக் கடந்தார்.

8. வாழ்வோர் யார்?

நிலமும் பனியும் ஞாயிறும் மரமும் எழுப்பும் வினாக்களுக்குச் செம்மையான விடைகண்ட வீடும், ஐந்தாவது வினாவொன்றிற் பிழைபடக்கூடும். அவ்வீட்டில் யார், ஆண்டில் எத்துணை நாள் வாழ்வர் என்பதே அது. அல்ப்ஸ் ஊர்கள் பலவற்றிற் புதுவீடுகளின் பெரும்பகுதி நகரத்தாரின் ஓய்வுவீடுகள். ஆண்டிற் சில வாரங்கள் விளக்கெரியும். ஏனைய நாளில் யன்னற்கதவுகள் மூடியே கிடக்கும். இவற்றின் கட்டில்களைச் சுவிஸ் மக்கள் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்பர். நிலத்தின் விலை ஏறுகின்றது. ஊரிற் பிறந்த இளைஞன் அங்கே வீடு கட்ட இயலாது பள்ளத்தாக்குக்கு இறங்குகின்றான். பிள்ளைகள் குறையவே பள்ளிக்கூடமும், வாங்குவார் இன்மையாற் கடையும் மூடப்படும் நிலை உண்டாகின்றது. வீடுகள் பெருகப் பெருக ஊர் தேய்வது விந்தையே.

2012 மார்ச்சு 11ஆம் நாள் சுவிஸ் மக்கள் இவ்விடயத்தில் வாக்களித்தனர். எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்னும் யோசனை 50.6 சதவீத வாக்குகளால் நிறைவேறியது. கட்டடத் தொழிலால் வாழும் மலையூர்கள் பல இதனை எதிர்த்தன. தொழில் குன்றும் என்னும் அவர்களின் அச்சமும் பொருளற்றதன்று. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2016 சனவரி முதலாம் நாள் வலுப்பெற்றது.

விறின் என்னும் ஊர் இச்சட்டத்துக்கு முன்னரே வேறு வழியிற் சென்றது. கிறவுபுண்டன் மாநிலத்தில் ஏறத்தாழ 1450 மீற்றர் உயரத்திலுள்ள அச்சிற்றூர், தன் கட்டடநிலங்கள் வெளியாரின் விலைப்பந்தயத்துக்கு இரையாகாதவாறு தானே வாங்கிக்கொண்டது. அவ்வூரிற் பிறந்து, முதலில் தச்சுத்தொழில் பயின்று, பின் கட்டடக்கலைஞரான ஜோன் கமினாடா, பின்னல்முறையிலேயே அங்கே புதுவீடுகளையும் தொழுவங்களையும் பொதுமண்டபத்தையும் அமைத்தார். தொழுவங்களுக்கும் இறைச்சிக்கூடத்துக்கும் வீடுகளுக்குக் காட்டிய அதே மதிப்பை அவர் காட்டினார். இறந்தோர் உடலை வைத்து உறவினர் விழித்திருக்கும் சிறுவீடு ஒன்றும் 2002இல் அவரால் அங்கே எழுந்தது. மரம் அயற்காட்டுக்குரியது, தச்சர் அவ்வூரார், செலவழிந்த பணமும் ஊரிலேயே தங்கிற்று. ஊர்த்தோற்றத்தைப் பேணியமைக்காகச் சுவிஸ் மரபுரிமைச் சங்கம் வழங்கும் வாக்கர் பரிசு 1998இல் விறினுக்குக் கிடைத்தது. அப்பரிசு ஒரு வீட்டுக்கன்றி ஊர் முழுவதற்கும் வழங்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால், மலைமனை வகுப்போன் பழைய உருவத்தைப் படியெடுத்தல் போதாது என்பதும், பழையதென்பதனாலேயே அதனை இகழ்தலும் தகாது என்பதும் பெறப்படும். கற்களேற்றிய சீவற்கூரை போய் நாகத்தகடு வரலாம். மாக்கல்லடுப்பின் இடத்தை வேறு வெப்பமுறை பெறலாம். பின்னற்சுவருக்கு ஈடாகக் குறுக்கடுக்குப் பலகை நிற்கலாம். பனியின் நிறையும் ஞாயிற்றின் சாய்வும் மரத்தின் சுருக்கமும் 1287இல் இருந்தவாறே இன்றும் உள. அவற்றை அளந்தறிந்து, அயலவர் வெயிலைக் கெடுக்காது, ஆண்டு முழுவதும் விளக்கெரியும் குடும்பம் ஒன்றுக்காகக் கட்டப்படும் வீடே அம்மலைக்குரிய மனையென்று கொள்ளத்தகும்.